மிதிக்க ஒருவர், பின்னால் நின்று பார்க்க ஒருவர்

பழைய காரில் பிரேக் லைட் எரியவில்லை என்றால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் திட்டுவார்கள். பாவம், பல்பு என்ன செய்யும். தங்கை வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது பல்பு, ஃபியூஸ் இரண்டும் நன்றாகவே இருந்தன. பிரேக் மிதிக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. நீங்கள் இப்போது மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, இதுதான். உள்ளே கரிந்துபோயிருந்தது. அதன் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்ததும் பின்னால் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. புது சுவிட்ச் மாட்டினேன். வேலை சுத்தமாக முடிந்தது இன்ஸ்பெக்டர் சார்.

தங்கையை வளர்த்தது நான். அப்பா, அம்மா போனபின் அவளுக்குத் தலைபின்னிவிட்டது இந்தக் கைதான். கல்யாணமான பிறகும் அவளும் மாப்பிள்ளையும் என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர், ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்ததும், "இனிமேலாவது நீங்க நிம்மதியா இருங்க மச்சான், எங்களைக் கட்டிக்கிட்டு எவ்வளவு நாள்தான் மாரடிப்பீங்க?" என்று சிரித்தார். தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அந்த ஊருக்குக் கிளம்பும் சமயம் அவருக்குக் காலில் மாவுக்கட்டு. பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துத்தான் வர முடியும். தங்கைதான் ஓட்டவேண்டும். இதெல்லாம் நான் ஏற்பாடு செய்ததில்லை, தானாக அமைந்தது. புது சுவிட்சைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினேன்.

பிரேக் லைட்டைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்வார். மிதிப்பவருக்கு விளக்கு தெரியாது. சொல்கிறவரை நம்பவேண்டியதுதான்.

"அண்ணே, எரியுதா?"

"ஜம்முனு எரியுதும்மா. இன்னொரு தடவை மிதி. ஆங், போதும்."

மாப்பிள்ளையின் காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டேன். தங்கையை பெல்ட் போடச் சொன்னேன், இழுத்தும் பார்த்தேன். "மலை இறக்கத்துல லாரி ஒட்டிக்கிட்டு வந்தா பதறாதே. உன் லைட்டைப் பார்த்து அவனே நிறுத்திப்பான். குறுக்கே எது வந்தாலும் யோசிக்காம அழுத்திடு" என்றேன். சொன்ன பேச்சு கேட்கிற பெண்.

இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. அவள் அழுத்தினாள். பின்னால் வந்த லாரி பின் சீட்டை முன் சீட்டோடு ஒட்டிவிட்டது. அவளுக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும். நாய்கூடப் பிழைத்துக்கொண்டதாம். லைட்டே எரியவில்லை என்று லாரி டிரைவர் அழுவதாகச் சொன்னீர்கள். அவன் சொல்வது உண்மை. விட்டுவிடுங்கள், பிள்ளைகுட்டிக்காரனாக இருப்பான்.

தங்கை மறுபடி மாடிக்கே வந்துவிட்டாள். "நான் சடன் பிரேக் போட்டதாலதானே அவர் போயிட்டாரு?" என்று தினமும் கேட்கிறாள். "நடந்தது நடந்துபோச்சு, விடும்மா" என்பேன். இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நினைப்பு இருக்கும்வரை அவள் வாசல் தாண்டமாட்டாள்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் சார். வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.