உள்ளங்காலுக்குக் கேட்ட ரம்பம்

இந்த மேசை ஆடுகிறது, மேடம். நீங்கள் எழுத எழுத உங்கள் டீ கிளாஸ் நகர்ந்து ஓரத்துக்கே வந்துவிட்டது. இந்தப் பக்கத்துக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். பட்டறையில் வளர்ந்தவள் நான். எந்த அறைக்குள் போனாலும் முதலில் மேசைக் கால்தான் கண்ணில் படும், மனிதர்கள் அப்புறம்தான்.

இதை எங்கள் தெருவில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே எனக்கு ரேடியோ என்று பெயர். மாடி வீட்டுக்காரர் ஏன் இப்போதெல்லாம் செருப்பை வாசலில் விடுவதில்லை, துணிக்கடைக்காரரின் மனைவி யாருக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போகிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். வம்புக்கு அலைகிறவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அப்படிச் சொல்கிறவர்கள்தான் சாயங்காலமானால் "அப்புறம் என்னக்கா சேதி?" என்று வந்து நிற்பார்கள்.

நான் இப்படி ஆனதற்குக் காரணம் என் தம்பி. தச்சு வேலை செய்கிறவன். மீசை அரும்பிய வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவனுடைய இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போனது. அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேச்சு போகவில்லை, கேட்பதுதான் போனது. அன்றிலிருந்து அவனுக்குக் காது நான்தான். மற்றவர்களின் உதட்டை அவன் அரைகுறையாகத்தான் படிப்பான். என் உதடு அவனுக்கு அச்சடித்த எழுத்து மாதிரி. வேலை கொடுக்க வருகிறவர்கள் சொல்வதை நான் கேட்டு அவனிடம் திருப்பிச் சொல்வேன். கூடவே தெருச் செய்திகளையும் கொண்டுவந்து கொட்டுவேன், கொஞ்சம் மசாலா தூவித்தான். உளியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். ஒருவனுக்குக் காது என்று ஆனபிறகு, வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

கல்யாணமா, எனக்கா? காதைக் கழற்றி இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைக்க முடியாது, மேடம்.

ஸ்டாண்டைப் பற்றித்தானே கேட்டீர்கள். வருகிறேன்.

பட்டறையில் ஒரு மோட்டார் ஸ்டாண்டு உண்டு. இரும்புக் கால்கள், மேலே பலகை, பலகையில் உள்ள பிளவு வழியாகத் தலைநீட்டுகிற வட்ட ரம்பம். சுவிட்சை அணைத்தாலும் ரம்பம் உடனே நிற்காது. கொஞ்ச நேரம் தன்பாட்டுக்குச் சுற்றும். எங்கள் டியூப் லைட் வெளிச்சத்தில் இன்னொரு வேடிக்கை. வேகம் குறைகிற ஒரு கட்டத்தில் ரம்பம் நின்றுவிட்ட மாதிரியே தெரியும். பல்லைக்கூட எண்ணிவிடலாம் போலிருக்கும். ஆனால் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அங்கே கண்ணை நம்பக் கூடாது, காதைத்தான் நம்ப வேண்டும்.

அதனால்தான் அவனுக்கு எதிரே என் முக்காலி. அவன் சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்ப்பான். இரைச்சல் அடங்கி, கடைசி முனகலும் தீர்ந்த பிறகு நான் கையைத் தூக்குவேன். அதற்கப்புறம்தான் அவன் கை ரம்பத்துப் பக்கம் போகும். எத்தனை வருடம் இப்படி. ஒரு தடவைகூட நான் அவசரப்பட்டுக் கையைத் தூக்கியதில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவள் வந்தாள், தம்பி பெண்டாட்டி. தையல் கடையில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அந்தக் கடையில் அலமாரிக் கதவு மாட்டப் போன இடத்தில் பார்த்திருக்கிறான். தெருவில் எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். என் வீட்டு விஷயம் மட்டும் கடைசியில்தான் தெரிந்தது. நல்லவள்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவளுக்குப் பேச்சு கையில். அதை அவனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் ஓயாத பேச்சு. சோற்றைப் பிசைந்த கையோடு பேசுவார்கள், பல் தேய்த்துக்கொண்டே பேசுவார்கள். யார் வீட்டுப் பேச்சும் எனக்குச் சுவர் தாண்டி வந்துவிடும். என் சமையலறையில் என் கண்ணெதிரே நடக்கிற பேச்சு மட்டும் வராது. அவன் தோள் குலுங்கச் சிரிப்பான். "என்னடா சொன்னா?" என்றால் "ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்பான். ஒன்றுமில்லாததற்கா அவ்வளவு சிரிப்பு?

எனக்கும் சொல்லித்தருவதாக அவள் வந்தாள். என் விரலைப் பிடித்து மடக்கி, 'அக்கா' என்பதற்கு எப்படிக் காட்ட வேண்டும் என்று செய்து காட்டினாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று கையை இழுத்துக்கொண்டேன். பால் ஒன்றும் இல்லை.

போன மழைக்காலத்தில் அவனுக்கு ஸ்டாண்டை மாற்றியமைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரே மோட்டார், நீளமான ஒரே தண்டு. இந்த முனையில் ரம்பம், அந்த முனையில் சாணைக்கல். இந்தப் பக்கம் அவன் மரம் அறுப்பான், எதிர்ப்பக்கம் அவள் உளிகளுக்குச் சாணை பிடிப்பாள். அவளுக்கு அந்தக் கைவாகு நன்றாக வந்திருந்தது. எதிரெதிரே நின்றால் வேலையும் ஆகும், மோட்டாரை அணைத்தால் பேச்சும் ஆகும். சாணைக்கல் வந்து உட்கார்ந்தது என் முக்காலி இருந்த இடத்தில். முக்காலியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் போட்டு, "இங்க உனக்குக் காத்து நல்லா வரும்க்கா" என்றான்.

சாணைக்கல் நல்ல கனம். மோட்டாரை அணைத்த பிறகும் அந்தக் கனம் தண்டை இழுத்துக்கொண்டு ஓடும், ரம்பமும் கூடவே ஓடும். முன்பைவிட நிற்க ரொம்ப நேரமாகும். அதற்கும் அவன் வழி வைத்திருந்தான். பட்டறைத் தரைக்குப் பலகை அடித்து அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்தினான். வெறுங்காலோடு நின்றால் இயந்திரத்தின் நடுக்கம் உள்ளங்காலில் ஏறும். மோட்டாரை அணைத்ததும் நடுக்கம் மெல்ல மெல்ல இளைத்து, எறும்பு ஊர்வதுபோல ஆகி, நின்றுவிடும். அது நின்றால் ரம்பம் நின்றது. இரண்டு பேரும் காலாலேயே கேட்டுக்கொண்டார்கள்.

முதல் நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, சத்தம் ஓய்ந்ததும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினேன். யாரும் திரும்பவில்லை. அவர்கள் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்கள். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு டீச்சரம்மா வந்தார். "உங்க மெஷின் ஓடினா எங்க வீட்டுக் கப்பெல்லாம் நடக்குதும்மா. ஒண்ணு அலமாரியை விட்டு இறங்கியே போயிடுச்சு. தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்."

"அவனுக்கு ஏன் தொந்தரவு? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

தம்பியும் அவளும் கடற்கரைக்குப் போயிருந்த ஒரு பகலில் பார்த்துக்கொண்டேன். என்னுடைய பழைய ரப்பர் செருப்பைத் துண்டு போட்டு, ஸ்டாண்டின் ஒவ்வொரு காலாகக் கட்டையால் நெம்பித் தூக்கி, அடியில் வைத்தேன். சுற்றிலும் மரத்தூளைத் தள்ளி மூடினேன். ஆமாம், நீங்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான். என் கட்டைவிரல் பள்ளம்கூட அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒத்தாசை செய்யப் போய் இப்படி ஆகிவிட்டது.

ஸ்டாண்டை மாற்றிக் கொடுத்த வெல்டரையும் விசாரித்துவிட்டீர்களா? சரி. அப்படியானால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் எதையும் சுருக்கிச் சொல்லிக் கெடுத்துவிடுவார்.

ஸ்டாண்டை மாற்றி முடித்த அன்று வெல்டர் என்னிடம் சொன்னார்: "இவ்வளவு அதிருதேம்மா. நாலு காலுக்கும் ரப்பர் வெச்சுடறேன், பூனை நடக்கிற மாதிரி ஆயிடும்."

நான் தம்பியைத் தட்டிக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். அவன் பதறிப்போனான். "ஐயோ, வேணாம்னு சொல்லுக்கா. ரப்பர் வெச்சா எங்க ரெண்டு பேருக்கும் காது போயிடும்."

அதை வெல்டரிடம் சொன்னதும் நான்தான். அவர் சிரித்தார். "உள்ளங்காலுக்குக் காது வெச்ச ஆளை இப்பதான் பாக்கறேன்."

என் வாய் வழியாகப் போய் வந்த பேச்சுதான். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சொல்லவுமில்லை. நீங்கள் இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வேறொன்றும் உண்டு. ரப்பர் வைத்ததும் நானே செருப்பைக் கழற்றிவிட்டு அவன் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். மோட்டார் ஓடும்போது காலில் லேசாகத் தெரிந்தது. அது நல்லது, சுத்தமாக இல்லையென்றால் அவனுக்குச் சந்தேகம் வரும். அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் ஒன்றுமில்லை. ரம்பம் முனகிக்கொண்டிருந்தது. பார்த்தால் நின்ற மாதிரி இருந்தது. பழைய காலண்டர் அட்டை ஒன்றை நீட்டினேன். வெண்ணெய் மாதிரி இரண்டாகப் போனது. அட்டைத் துண்டுகளைப் பெருக்கி அள்ளினேன். பட்டறையை எப்போதும் சுத்தமாக வைத்திருப்பது நான்தான்.

மறுநாள் காலையில் அவன் பலகைமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்டு ஒசந்த மாதிரி இருக்கேக்கா?" என்றான்.

"ஸ்டாண்டு ஒசரலடா. கல்யாணம் ஆனதிலிருந்து நீதான் குள்ளமாயிட்டே."

என் உதட்டில் படித்ததும் சிரித்துவிட்டான். என்மேல் அவனுக்குச் சந்தேகமே வராது. காதில் விழுவதை யாராவது சந்தேகப்படுவார்களா? திரும்பி அதை அப்படியே அவளுக்குக் கையால் சொன்னான். என்னைச் சுட்டினான், தன் தலைமேல் கையை வைத்து அமுக்கினான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சொன்ன ஒன்று அவர்கள் கையில் ஓடியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்போதே ரப்பரை எடுத்திருக்கலாம். எடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர்கள் வேறு எதையோ பேச ஆரம்பித்து, நான் திரும்பவும் ஜன்னலோரம் ஆகிவிட்டேன்.

நான் எதிர்பார்த்தது ஒரு கீறல், மேடம். மிஞ்சிப்போனால் விரல் நுனி. தச்சனுக்கு அது சகஜம். கட்டுப் போட்டுக்கொண்டு, "காலை நம்பினது தப்புக்கா, நீ பழையபடி எதிரே வந்து உட்காரு" என்பான். நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவேன். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

அன்றைக்கு ஒரு கதவுக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தான். முடித்துச் சுவிட்சை அணைத்தான். இரண்டு பேரும் தலையைக் குனிந்து காலால் கேட்டார்கள். பிறகு நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் ஜன்னலோரம் இருந்தேன். எனக்குக் கேட்டது. ரம்பம் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. நன்றாகக் கேட்டது.

கத்தி என்ன பயன், இரண்டு பேருக்கும்தான் கேட்காதே. ஓடிப்போய்த் தோளைத் தொட்டிருக்கலாமே என்கிறீர்கள். நாலு எட்டு தூரம்தான். நான் கையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். என் கையை. மடியிலேயே இருந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டு வேலை செய்திருந்தால், கை இன்னும் தூக்கவில்லை என்பது தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை.

அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். முகமெல்லாம் சிரிப்பு. இடது கை நெஞ்சில், வலது கையை முன்னால் வீசி, ரம்பப் பலகைமேல் தாழ்த்திக் கொண்டுபோனான்.

நாலு விரல். கட்டைவிரலை மட்டும் டாக்டரால் காப்பாற்ற முடிந்தது.

என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்டேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அவளிடம் பேச ஆள் வைத்துத்தான் விசாரிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது இதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வழக்குக்காக இல்லை. பாதி வாக்கியம் மனதில் நின்றுபோனால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ரப்பரைக் கண்டுபிடித்ததும் அவள்தான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரத்தத்தைத் துடைக்க மரத்தூளை ஒதுக்கியிருக்கிறாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு எடுத்துவந்து தம்பியிடம் காட்டியிருக்கிறாள். அவன் செருப்புத் துண்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

இப்போது அவள் அவனுக்கு இடது கையால் பேசச் சொல்லிக்கொடுக்கிறாள். பாவம், தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? தினமும் போய் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து தெருக்கதை எல்லாம் சொல்கிறேன், ஒன்றுவிடாமல். எனக்கும் அவனுக்கும் நடுவில் இப்போது ஸ்டாண்டும் இல்லை, சாணைக்கல்லும் இல்லை. நீங்கள் என்னை உள்ளே வைத்துவிட்டால் அவனுக்கு யார் வந்து சொல்வார்கள் என்பதுதான் என் கவலை. நான் வாயைத் திறந்ததுமே அவன் கண்ணை மூடிக்கொள்கிறான், மேடம். எழுந்து வருகிறவரை திறப்பதில்லை. என் குரலைக் கேட்டால்தான் அவனுக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.