கம்பி தெரியுது

இல்லமா, அது புடவை இல்ல. மேல வைக்க வேணாம், மடியிலயே வச்சிக்கிறேன். நீ உள்ளாற தள்ளி நல்லா உக்காரு. புடவைக் கடை கட்டைப்பையைப் பாத்துட்டு எல்லாரும் பட்டுப்புடவைன்னு தான் நினைச்சிக்கிறாங்க. காஞ்சிபுரத்துல பஸ் ஏறுற பொம்பள கையில இது இருந்தா வேற இன்னா நினைப்பாங்க சொல்லு. நினைக்கட்டும்னு தான் நானும் இதுலயே வச்சிக்கினு வர்றேன். கேமரா பையில எடுத்துக்கினு வந்தா எல்லார் கண்ணும் அதும்மேலயே இருக்கும்.

ஆமா, கேமரா தான். கேமரா என்னமோ சின்னது தான், முன்னால மாட்டுற லென்ஸ் தான் பெரிசு. தொட்டுப் பாரு, பரவால்ல. கனமா இருக்குதில்ல? கைக்கொழந்தைய மடியில வச்சிருக்குற மாதிரி இருக்கும். டவலு சுத்தி, அதும்மேல பழைய பாவாடை துணி சுத்தி வச்சிருக்கேன். அப்படியும் பஸ் ஒரு தூக்கு தூக்கிப் போட்டா ரெண்டு கையாலயும் அணைச்சிப் புடிச்சிக்குவேன்.

வண்டலூருக்கு தான் போறேன். ஜூவுக்கு. இல்ல, அங்க வேலையெல்லாம் இல்லமா. மிருகங்கள போட்டோ எடுக்கப் போறேன். சிரிக்கணும்னா சிரிச்சிக்கோ, இந்தக் கண்டக்டரு கூட மொத தடவ சிரிச்சாரு. இப்போ அவரே கேக்குறாரு, இன்னாமா இன்னிக்கி புலியா யானையான்னு. செவ்வாக்கெழம ஜூ லீவு. அதனால புதன்கெழம போவேன். ஞாயித்துக்கெழம போனா ஒரே கூட்டம், புள்ளைங்க கத்துற கத்துல குரங்கெல்லாம் நம்பள வேடிக்க பாக்குது.

வேலையா? புடவைக்கு குச்சு கட்டுறேன். முந்தானை ஓரத்துல நூலைப் பிரிச்சி, முடிச்சு போட்டு, தொங்கவுடுவாங்களே, அது. கடைங்கள்ல இருந்து குடுத்து அனுப்புவாங்க. கல்யாணப் புடவைன்னா மணியெல்லாம் கோக்கணும். உக்காந்த எடத்துல செய்யுற வேலை. அதனால தான் எனக்கு கை ஆடாது. அவ்ளோ பெரிய லென்ஸைப் புடிச்சிக்கினு ஸ்டாண்டு இல்லாம எப்படிமா எடுக்குறன்னு என் பையனே கேட்டான். முடிச்சு போடுற கையிடா இதுன்னேன்.

அவன் கேமரா தான் இது. ஷாரோன். ஐயோ, பொண்ணு இல்லமா, பையன் தான். எல்லாரும் இப்படி தான் கேக்குறாங்க. எங்க சர்ச்சு பாஸ்டரு வச்ச பேரு. அவங்கப்பா பேரு பரசுராமன், இதோ வருதே ஐயம்பேட்டை, இந்த ரூட்ல தான் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தாரு. கொரோனால பூட்டாரு. அப்பால நானும் பையனும் தான். கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கப் போவான். அதுல சேத்து வச்சி இந்த லென்ஸ வாங்கினான். கல்யாணத்துக்கு இவ்ளோ பெரிசு எதுக்குடான்னா, இது கல்யாணத்துக்கு இல்லமான்னான். லீவு கெடைச்சா ஜூவுக்கு ஓடிடுவான். ஒரு சிறுத்தைய எடுக்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அதே எடத்துல நிப்பானாம். சோறு தண்ணி கெடையாது. எனக்கு அப்ப கோவம் கோவமா வரும். மிருகத்தைப் பாக்குறதுக்கு ஒரு ஆளான்னு திட்டுவேன்.

இப்போ போலந்துல இருக்கான். அது இன்னாமோ ஜெர்மனி பக்கத்துல இருக்குதாம். பெரிய குடோன்ல பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புற வேலை. குளுரு தாங்கல, நின்னுக்கினே வேலை. கேமராவ எடுத்துக்கினு போடான்னேன். அங்க எடுக்க எங்கமா நேரம், வீட்லயே இருக்கட்டும்னுட்டான். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போனான். பெட்டியிலயே பூட்டி வச்சா லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிடுமாம். அப்பப்போ வெளிய எடுத்து காத்தாட வையிம்மா, கொஞ்சம் திருப்பித் திருப்பி விடும்மான்னு. ஊறுகா ஜாடிய வெயில்ல வைக்குற மாதிரி நானும் வைப்பேன்.

அப்படி வச்சப்போ தான் ஒரு நாள் சும்மா கண்ணுல வச்சிப் பாத்தேன். எதிர் வீட்டு மாடியில ஒரு அணிலு. மூக்கு துடிக்கிறது கூட தெரியுது. பட்டனை அமுக்கிட்டேன். செல்போன் கடை சிவராஜ் இருக்கான், அவன் ஒரு வயரைப் போட்டு என் போனுக்கு மாத்திக் குடுத்தான். அப்படியே ஷாரோனுக்கு அனுப்பினேன்.

நீ நம்ப மாட்ட. அன்னிக்கி சாயங்காலமே வாய்ஸ் மெசேஜ் வந்துச்சி. டூட்டி முடிஞ்சி ரூமுக்கு நடந்து போய்க்கினே பேசியிருக்கான். இன்னாமா இது, அணிலு ஒரு பக்கம் போவுது போகஸ் ஒரு பக்கம் போவுது, போகஸ் புள்ளிய கண்ணுல வைக்கணும்மா, எந்த மிருகம்னாலும் கண்ணு தெளிவா இருந்தா தான் உசுரு, அப்படி இப்படின்னு. திட்டிக்கினே போறான். நடுநடுவுல கறுக்கு கறுக்குன்னு சத்தம் கேக்குது. இன்னாடான்னு பாத்தா, பனி மேல செருப்பு... செருப்பு இல்ல, ஷூ. பனி மேல நடக்குற சத்தம். மூச்சு வாங்குது. ஒரு எடத்துல இருமுறான். ஒரு எடத்துல யாருக்கோ அவங்க பாஷையில ஒரு வார்த்த சொல்றான். கடைசியில சாவி போடுற சத்தம். அதோட முடிஞ்சிடுச்சி.

குச்சு கட்டிக்கினே அதைப் போட்டுப் போட்டுக் கேப்பேன். சொல்றேன்னு தப்பா நினைக்காத, அவன் வேற எதுவும் பேச மாட்டான்மா. கெட்ட புள்ள இல்ல. போன் பண்ணா எடுப்பான். சாப்டியாடான்னா ம்ம். ஒடம்பு எப்படி இருக்குதுன்னா நல்லாருக்கு. கூட யார் யாரு தங்கியிருக்காங்கன்னா பசங்கம்மா. அதுக்கு மேல எனக்கும் கேக்கத் தெரியல, அவனுக்கும் சொல்லத் தெரியல. சரிம்மா வச்சிடுறேன்பான். சரிப்பான்னுடுவேன். அப்பால வீட்டுல ஃபேன் சத்தம் மட்டும் தான் இருக்கும்.

வாலாஜாபாத் தாண்டிட்டமா? ஆங், தாண்டியாச்சி. இதோ தென்னேரிக்குப் போற ரோடு. மொதல்ல இங்க ஏரிக்கு தான் வந்தேன். கொக்கு நிறைய இருக்கும்னு சொன்னாங்க. இருக்குது, யாரு இல்லைன்னா. நான் துணியப் பிரிச்சி லென்ஸ மாட்டுறதுக்குள்ள எல்லாம் அக்கரைக்குப் போய் உக்காந்துக்கினு என்னைப் பாக்குது. அதுக்கு ஷாரோன் தான் சொன்னான், பறவை உனக்கு சரிப்படாது, நீ ஜூவுக்குப் போம்மா, அங்க இருக்குறது எங்கயும் போவாதுன்னு. அன்னிக்கி நல்லா சிரிச்சான் மெசேஜ்ல. அவன் சிரிச்சி ரொம்ப நாள் ஆச்சி.

அதுல இருந்து புதன்கெழமயானா கெளம்பிடுவேன். போவப் போவ எனக்கும் ஷோக்கு வந்துடுச்சிமா, பொய் சொல்லக் கூடாது. நீர்யானை ஒண்ணு இருக்குது பாரு, தண்ணிக்குள்ளயே கெடக்கும், காதை மட்டும் வெளிய வச்சிக்கினு. ஜனம் வரும், எங்கடா காணோம்னு நின்னு பாக்கும், பூடும். நான் செவுத்துல முட்டி ஊணிக்கினு நிப்பேன். பேசாம நின்னுக்கினே இருந்தா அதுக்கும் பழகிப் பூடுது. அப்பால மெதுவா மேல வந்து வாயைத் தொறக்கும் பாரு, வீடு மாதிரி. சிங்கவால் குரங்குல ஒண்ணு இருக்குது, மத்ததெல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு பேன் பாத்துக்கினு இருக்கும், அது மட்டும் தனியா வந்து ஓரமா உக்காந்துக்கும். லென்ஸுல பாத்தா பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியவே பாக்குற மாதிரி இருக்கும். லென்ஸ எறக்கிட்டுப் பாத்தா எங்கயோ தூரத்துல கெடக்கும். அப்போ ஒரு மாதிரி ஆயிடும் எனக்கு.

ஷாரோன் ஒவ்வொண்ணா சொல்லிக் குடுப்பான். சொல்லிக் குடுப்பான்னா, திட்டுவான். கம்பி தெரியுதும்மா. மூஞ்சிக்குக் குறுக்கால கூண்டுக் கம்பி போனா ஜெயில்ல இருக்குற மாதிரி இருக்குதுமா. தல அறுந்துடுச்சிமா. கோணலா இருக்குதுமா, ஏரித்தண்ணி வழிஞ்சி ஊத்துற மாதிரி எடுத்திருக்க. உச்சி வெயில்ல எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது. வாய்க்கு வந்தபடி பேசுவான். நானும் சரிடா சரிடான்னு கேட்டுக்குவேன். குளுருது, கை வெறச்சிப் போச்சின்னு நடுவுல தானா வந்து வுழும். நான் கேட்டா சொல்ல மாட்டான், திட்டும்போது வந்துடும். போன மாசம் இப்படி தான், நீ கை நடுக்கி எடுத்திருக்க, நானே காய்ச்சலோட பார்சல் தூக்கும்போது கூட கை நடுங்கலன்னான். காய்ச்சல்னு அப்ப தான் எனக்குத் தெரியும்.

இப்போ ரெண்டு வாரமா வாய்ஸ் மெசேஜ் இல்ல. கோவமெல்லாம் இல்லமா. நல்லா தான் இருக்கான்.

நீ கேமராவுல பாக்குறியா? இரு, ஆன் பண்ணித் தரேன். ஓரப்பக்கமா இருக்குற பட்டனை அமுக்கினா அடுத்தது வரும். பஸ் ஆடுது, கெட்டியா புடிச்சிக்கோ. ஆங், அது சிறுத்தை. நேத்து இல்ல, போன வாரம் எடுத்தது. ஒரகடம் போறதுக்குள்ள எல்லாத்தையும் பாத்துடலாம்.

இன்னா சொல்ற? கம்பியா? ஆமா, மூஞ்சி மேலயே போவுது. நீயும் போட்டோ எடுப்பியா? காலேஜுல கிளப்பா, அப்படியா, நல்லது. சொல்லு சொல்லு, கேட்டுக்குறேன்.

தெரியும்மா. அது கம்பி ஓரமா நிக்கும்போது எடுக்கக் கூடாது. உள்ளாற தள்ளிப் போய் உக்கார்ற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும். லென்ஸ நல்லா தொறந்து வச்சிக்கினு கண்ணுல புள்ளி வச்சி எடுத்தா நடுவுல இருக்குற கம்பி கரைஞ்சி காணாமப் பூடும். தெரியும். அடுத்ததைத் தள்ளு. இன்னும் ஒண்ணு தள்ளு. பாத்தியா, அதே சிறுத்தை தான். கம்பி எங்கயாவது தெரியுதா? மீசை ஒவ்வொண்ணா எண்ணலாம். அப்பால நீர்யானை வரும் பாரு, வாயைத் தொறந்துக்கினு, அது முதுவு மேல கொக்கு. தென்னேரியில ஏமாத்திட்டுப் போனது இங்க வந்து மாட்டிக்கிச்சி.

நல்லாருக்குதில்ல? எனக்கும் அது தான் ரொம்பப் புடிச்சது. ஆச ஆசயா அந்த நீர்யானைய தான் அனுப்பினேன் அவனுக்கு. சூப்பர்மா, இனி உனக்கு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்லன்னு எழுதி, ஒரு ஹார்ட்டு போட்டான். அவ்ளோ தான். செவப்பா ஒரு ஹார்ட்டு. சரி டூட்டி ஜாஸ்தி போலன்னு நினைச்சிக்கினு அடுத்த வாரம் இந்த சிறுத்தைய அனுப்பினேன், மீசை தெரியுதே, அது. அதுக்கும் ஹார்ட்டு. நல்லா வந்தா ஹார்ட்டு போட்டுட்டு பூடுறான்மா, பேச மாட்டேங்குறான்.

குடு, சுத்தி வச்சிடுறேன். வெயில் ஏறுது பாரு, நான் போய்ச் சேர்றதுக்கும் உச்சி வெயிலுக்கும் சரியா இருக்கும். அதுக்கு தான் லேட்டு பஸ்ஸா புடிச்சேன். இன்னிக்கி எடுக்குறதுல கம்பி மட்டும் தெரிஞ்சா சீக்கிரம் சொல்லி முடிச்சிடுவான். கம்பியும் தெரியணும், கொஞ்சம் கோணலாவும் இருக்கணும், தலையும் லேசா அறுந்திருக்கணும். அப்போ தான் ரூமுக்குப் போய் சேர்ற வரைக்கும் பேசிக்கினே போவான்.