'நிக்குமா?' என்று கேட்டவருக்கு

வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தின் முதுநிலை ஆய்வாளராய் விளங்கி, இன்று மாலையுடன் பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அண்ணன் அவர்களுக்கு, உடன் உழைத்த ஊழியர்கள் அனைவரும் மனமுவந்தும் மனம் நொந்தும் வாசித்தளிக்கும் மடல்.

தளர்ந்த திருகாணிகளின் சிம்மசொப்பனமே! புகை கக்கும் குழாய்களின் பொல்லாப் பகைவரே! தேய்ந்த டயரைத் தெருமுனையிலேயே கண்டுகொள்ளும் தீர்க்கதரிசியே! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்றால் என்ன என்பதை எங்களுக்குக் காட்டிய காவலரே! வணக்கம்.

இந்த ரீதியில் இன்னும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தோம். "சத்தம் ஜாஸ்தியா வந்தா உள்ளே ஏதோ கோளாறுன்னு அர்த்தம்" என்று தாங்கள் சைலன்சரைத் தட்டிச் சொல்வது நினைவுக்கு வந்ததால் அடித்துவிட்டோம்.

இந்தக் கூடத்துக்கு வண்டி கொண்டுவருபவர் எவராயினும், சாவியைக் கொடுக்கும்போது சொல்வது ஒன்றுதான்: "நல்லா ஓடும் சார்." சரக்கு வண்டிக்காரரும் அதையே சொல்வார், பள்ளி வேன் ஓட்டுநரும் அதையே சொல்வார். தாங்களும் சளைக்காமல், "ஓடுறது இருக்கட்டுங்க, நிக்குமா?" என்று கேட்பீர்கள். ஒருமுறை ஒரு லாரி முதலாளி கொதித்துப் போய், "ஓடுறதுக்குத்தானே வண்டி வாங்கினேன், நிக்கிறதுக்கா?" என்று எகிறினார். "சாயங்காலம் உங்க வீட்டு வாசல்ல நிக்கணும்ல?" என்றீர்கள். மனிதர் நேரே பிரேக் மாற்றப் போனார்.

தேறாத வண்டியைத் தேறவில்லை என்று தாங்கள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "இப்போதைக்கு இல்லை" என்பீர்கள். சிவப்பு ஒட்டியை ஒட்டும் கையாலேயே, எதைச் சரிசெய்ய வேண்டும், எந்தக் கடையில் உதிரி பாகம் நியாயமாகக் கிடைக்கும் என்று விரல்விட்டுச் சொல்வீர்கள். திட்டிக்கொண்டே போனவர்கள் திரும்பி வந்து சிரித்த முகத்தோடு பச்சை ஒட்டி வாங்கிப் போனார்கள். அந்த 'இப்போதைக்கு' என்ற ஒரு சொல்லில் இருந்த பரிவை நாங்கள் எல்லாரும் கடன் வாங்கிப் பேசி வருகிறோம்.

தங்களைப் பாராட்டத் தொடங்கிவிட்டுத் தங்கள் மோட்டார் சைக்கிளைப் பாராட்டாமல் விட்டால், அதுவே எங்களை மன்னிக்காது. கறுப்பு உடம்பு, நீண்ட பெட்ரோல் டாங்க், பெரியவர்கள் தொண்டையைக் கனைப்பது போன்ற ஒரு குரல்! அந்தக் குரல் வாயிலில் கேட்டதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறார்கள். கொட்டுகிற மழையில் எங்கள் புத்தம் புதிய ஸ்கூட்டர்கள் இருமிக்கொண்டு கிடக்க, ஒரே மிதியில் கிளம்பி எங்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனது அந்தக் கிழம். அதற்கான சோதனையின்போது மட்டும் தாங்கள் சோதனைத் தடத்துக்குள் வரமாட்டீர்கள். வண்டியைச் சக ஆய்வாளர் கையில் ஒப்படைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் தகப்பனைப் போல வெளிப் பெஞ்சில் பொதுமக்களோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த வண்டியின் பின்னிருக்கைக்கு ஒரு வாக்கு தரப்பட்டிருந்தது. "ரிட்டயர் ஆகட்டும், வண்டியிலேயே கடலுக்குப் போயிட்டு வருவோம்" என்று அண்ணியிடம் சொல்லிவந்தீர்கள். அண்ணி அதில் உட்கார்ந்து போனதெல்லாம் மருத்துவமனைக்கும் துக்க வீட்டுக்கும்தான். விடுப்பு எடுத்த நாளில்கூட எங்கேயாவது விபத்து என்றால் வண்டியைப் பார்க்கத் தங்களைத்தானே அழைத்தோம்! அந்தக் கணக்கில் எங்களுக்கும் பங்கு உண்டு, அண்ணி.

ஓய்வு பெறுபவர் தம் சொந்த வண்டியைச் சோதனைத் தடத்தில் ஒருமுறை ஓட்டி, பச்சை ஒட்டி பெற்று, வீட்டாரை ஏற்றிக்கொண்டு வெளிவாயிலைக் கடக்க, கூடத்தில் நிற்கும் வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்து வழியனுப்புவது நம் நிலையத்தின் வழக்கம். வாயில் காவலர் ஓய்வு பெற்றபோது சைக்கிளைக் கொண்டுவந்தார். மணியை அடித்துப் பார்த்துவிட்டுச் சான்று தந்தோம். அது சடங்குதான், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தாங்களோ சென்ற வாரம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "எல்லாருக்கும் பார்க்கிற மாதிரி பாரும்மா, விளையாட்டுக்குப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போய்விட்டீர்கள்.

சொன்னது, பட்டப்பகலிலும் கையில் விளக்கோடு திரிவதால் தாங்களே 'டார்ச்' என்று பெயர் வைத்த எங்கள் ஆய்வாளர் சகோதரியிடம். பிறகு நடந்ததை அவர் எங்களிடம் சொன்னபடியே சொல்கிறோம்.

பிரேக்கைச் சோதிக்கும் உருளையில் வண்டியை ஏற்றினார், கச்சிதம். முகப்பு விளக்கு, முன் ஃபோர்க், சங்கிலி எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தன. பாதி மனது அப்போதே பச்சை ஒட்டியைக் கையில் எடுத்துவிட்டது. பின்னிருக்கைக்குப் பின்னால் புதிதாக ஒரு சாய்மானம் இருப்பதைப் பார்த்து, கீழே டார்ச்சை அடித்தார். சாய்மானத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை ஃபிரேமோடு வெல்டிங் வைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில், ஃபிரேமிலேயே, மயிரிழை போல ஒரு கோடு. அழுக்காக இருக்கட்டும், வெறும் கீறலாகவாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே துணியால் துடைத்தார். கோடு போகவில்லை. நகத்தால் தடவினால் நகம் தட்டியது. அது விரிசல்.

சகோதரி சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. மெதுவாகப் போனால் கடல்வரை தாங்காதா? எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கும் ஒரு பெண்மணியின் ஆசையில் நான்தானா மண்ணைப் போட வேண்டும்? இப்படி எண்ணியவர், சோதனை முடியும் முன்னரே டார்ச்சை அணைத்துவிட்டார். பெஞ்சில் இருந்த தாங்கள் அதைக் கவனித்து எழுந்து வந்தீர்கள்.

"ஏம்மா அணைச்சிட்டே?"

"பேட்டரி போயிடுச்சு அண்ணே."

"உன் பேட்டரி என்னிக்கும்மா போயிருக்கு? போடு."

போட்டார். தாங்கள் குந்தி உட்கார்ந்து பார்த்தீர்கள். எதிர்ச் சுவரில், 'பழைய ஃபிரேமில் வெல்டிங் வைக்காதீர்' என்று தங்கள் கையெழுத்திலேயே எழுதிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்.

"நான்தாம்மா வைக்கச் சொன்னேன். அவளுக்கு முதுகு வலி. அவ்வளவு தூரம் சும்மா உட்கார முடியாது, சாஞ்சுக்க ஏதாவது வேணும்னு தோணுச்சு. ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு, எனக்குன்னு வந்ததும் புத்தி எங்கே போச்சோ."

"மெதுவா ஓட்டினா ஓடிடும் அண்ணே."

"ஓடும்மா. நிக்குமா?"

சகோதரி அழுதுகொண்டேதான் சிவப்பு ஒட்டியை ஒட்டினார். மறுபடி வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே விரியும், மாற்றிப் போட அந்தக் காலத்து ஃபிரேம் இனி எங்கும் கிடைக்காது என்பது தங்களுக்குத் தெரியாததா? அதனால்தானோ என்னவோ, வழக்கமாகச் சொல்லும் அந்த முதல் சொல்லை அன்று தாங்கள் சொல்லவில்லை. "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தீர்கள். வண்டியை நாங்கள்தான் நிலையத்துக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

அண்ணே, இனிச் சொல்லப்போவது தங்களுக்குத் தெரியாதது.

மனசு கேட்காமல் மறுநாள் மாலை சகோதரி தங்கள் வீட்டுக்குப் போனார். தாங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். கதவோரம் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. கடல் பயணத்துக்கான பை என்று பார்த்ததுமே சகோதரிக்குப் புரிந்தது. அண்ணிதான் ஆரம்பித்தார்.

"பஸ்ல வந்து இறங்கினார். வண்டி எங்கேன்னா, சர்வீசுக்கு விட்டிருக்கேன்னார். தன் வண்டியை இன்னொருத்தர் தொட விடுற ஆளா அவரு? ஊர்ல எல்லாருக்கும் மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொன்ன மனுஷன், என்கிட்ட சொல்லத் தெரியாம முழிக்கிறார். என்னம்மா ஆச்சு?"

சகோதரி ஒன்றையும் மறைக்கவில்லை. விரிசல், வெல்டிங், சாய்மானம் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாராம்.

"எனக்காகவா வச்சார்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் சாஞ்சுக்க அவர் முதுகு இருந்துச்சே."

இதைக் கேட்டு வந்து சகோதரி சொன்னபோது, எங்களில் அழாதவர் இல்லை. பெரிய பெரிய லாரிகளுக்கு அடியில் படுத்துப் புரண்ட முரட்டு ஆட்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அண்ணி இன்னொன்றும் சொன்னார். "பையை நான் அவிழ்க்கப் போறதில்லை. பஸ்ஸும் கடலுக்குத்தானே போகுது? அவரு பார்த்து அனுப்பின பஸ்தானே? அது நிக்கும். ஆனா எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன், சங்கடப்படுவார். நீங்க மடல் வாசிப்பீங்கல்ல, அதுல சேர்த்துடுங்க. சபையில மறுத்துப் பேச மாட்டார்."

சேர்த்துவிட்டோம். அண்ணே, தங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணி அமர்ந்திருக்கிறார். நாற்காலிக்கு அடியில் இருப்பது அந்தப் பைதான். சற்றுத் திரும்பிப் பாருங்கள்.

நாங்கள் ஆசைப்பட்டது இது அல்ல. அந்தக் கனைப்புக் குரல் முன்னே செல்ல, அண்ணியின் கை தங்கள் தோளில் இருக்க, வாயிலைக் கடந்து தாங்கள் போவதைக் காணவே காத்திருந்தோம். அதற்கு எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்று மாலை தாங்கள் இருவரும் நடந்துதான் போவீர்கள். ஆனாலும் ஹார்ன்கள் அடிக்கும். வண்டி எங்கள் கொட்டகையில், சிவப்பு ஒட்டியோடு, மழை படாத மூலையில் இருக்கும். அந்த ஒட்டியை எவரும் கிழிக்கமாட்டோம், அது தங்கள் நேர்மைக்கு நாங்கள் செய்யும் மரியாதை.

உயிர்களைக் காத்த உத்தமரே! வீட்டு வாசல்களில் வண்டிகளை நிறுத்தித் தந்தவரே! ஓடியது போதும். அண்ணியின் முதுகு வலி தீர்ந்து, தங்கள் கால்கள் ஓயாது, கண்பார்வை மங்காது, இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, நெடுங்காலம் நிற்க! நீடு நிற்க!

தாங்கள் இல்லாத தடத்தில் நாளைக் காலை முதல் வண்டியிடம் "நிக்குமா?" என்று கேட்கப்போகும்,
சோதனை நிலைய ஊழியர்கள்