அரை மில்லிமீட்டர் விலகல்

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. தொழிற்பேட்டைக்குப் போகிற சாலை... ஈ காக்கை இல்லை. மத்தியானத்தில் பேய் வருமா என்று சிரிக்காதீர்கள். என் சகலையே சொன்னது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும் அந்த மனுஷனுக்கு. சொல்லும்போது காது வெளிறித்தான் இருந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும்.

சகலைக்கு சி.என்.சி. மெஷின் பழுது பார்க்கிற வேலை. கம்ப்யூட்டர் சொல்கிற இடத்துக்கு நகர்ந்துபோய் இரும்பைச் செதுக்குமே, அது. அன்றைக்கு அவர் போன பட்டறையில் இருந்தது ஒரே ஒரு பழைய மெஷின். அதை ஓட்டியவர் மூன்று வாரத்துக்கு முன்னால், வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். பழைய சாஃப்ட்வேர் அவருக்கு மட்டும்தான் அத்துப்படி. முதலாளி புதுசு போடச் சொன்னார், சகலைதான் போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து தகராறு. சொன்ன இடத்தில் துளை விழவில்லை. அரை மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது.

ஷட்டரைத் திறந்துவிட்டது இறந்தவரின் தங்கை. அண்ணனின் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

"நாளைக்குள்ள சரியாகலன்னா என்னை நிப்பாட்டிருவாங்க சார்."

"புது சாஃப்ட்வேர்னா முதல்ல முரண்டு பிடிக்கும்மா. பாத்துக்கலாம்."

போட்ட எண்களையெல்லாம் சரிபார்த்தார். திருகு, பெல்ட், எல்லாம் கச்சிதம். ஆனால் ஒரு விசித்திரம்... இரும்பை வைக்கிற மேசை முழுக்கத் தப்பு வரவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும்தான். சென்டிமீட்டர் சென்டிமீட்டராக மெஷினை நகர்த்தி அளக்க ஆரம்பித்தார். க்ர்ர்... டிக். க்ர்ர்... டிக். தப்பு வருகிற இடத்தையெல்லாம் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கறுப்பாக்கினார். பழைய எண்ணெய் வாடை. நடுவில் எங்கிருந்தோ லேசாகக் கிராம்பு வாசனை... அவள் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

உள்ளங்கை. ஐந்து விரல். இடது கை. மோதிர விரல் பாதிதான் இருந்தது.

மடித்துப் பைக்குள் வைக்கப் பார்த்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணன் கை சார்... கிராம்பை மென்னுக்கிட்டே இப்படித்தான் ஊனிக்கிட்டுக் குனிஞ்சு பாப்பாரு. அந்த விரல் சின்ன வயசுலயே போனது."

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு விலகுகிறது என்று சாஃப்ட்வேரில் பதிந்துவிட்டால், மெஷின் அதைக் கழித்துக்கொண்டு நேராகப் போகும். அந்தக் கைக்கு வழிவிடாமல்... அதன் மேலேயே போகும்.

"நீயே சொல்லும்மா. அப்படியே விட்டுறவா?"

அவள் மேசையின் அந்த ஓரத்தைத் துணியால் ஒருமுறை துடைத்தாள்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க சார்... சரி பண்ணிருங்க."

பதிந்தார். பட்டனை அழுத்தினார். மெஷின் நேராக வந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் மோட்டார் முனகியது. ம்ம்ம்... பாரத்தோடு மேட்டில் ஏறுகிற மாதிரி. பிறகு தாண்டிவிட்டது. அவள் தன் இடது கையை வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். மறுபடி அளந்தார். எல்லா இடத்திலும் பிழை பூஜ்யம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஷட்டரை இறக்கினார்கள்.

புதன்கிழமை போன் வந்தது.

"அளவெல்லாம் சுத்தமா இருக்கு சார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்."

"அப்புறம் என்னம்மா?"

"மெஷின் கதவு... முழுசா மூடவே மாட்டேங்குது. ஒரு விரல் தடிமனுக்கு சந்து விட்டு நின்னுருது."

"இரும்புத்தூள் சிக்கியிருக்கும். துடைச்சுப் பாத்தியா?"

"துடைச்சேன் சார்..." குரல் இறங்கியது. "கதவு விளிம்புல, உள்பக்கம்... நாலு இடத்துல மட்டும் வெதுவெதுன்னு இருக்கு. அதுல ஒண்ணு பாதி அளவுதான் சார்."