பச்சை ஒயர்

நான் செய்த பெட்டிகளிலேயே மூடி ஒழுங்காகப் பொருந்தியது அது ஒன்றுதான், சார். மற்றதெல்லாம் ஒரு பக்கம் இளித்துக்கொண்டு நிற்கும், என்னைப் போலவே. அதனால்தான் உங்கள் ஆட்கள் அதை எடுத்துப்போனபோது பார்த்துத் தூக்கச் சொன்னேன். மனைவி செத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, இவன் பெட்டியைப் பற்றிப் பேசுகிறானே என்று காவலர் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அதிர்ச்சியில் உளறுகிறான் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்.

மச்சானை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். என் மனைவியின் தம்பி அவன். வயரிங் வேலை, எங்கள் வீட்டு வயரிங்கும் அவன் கைவேலைதான். கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடுகிற டிரிப் சுவிட்சுக்குக் குறுக்கே யாரோ ஒயர் போட்டு அதைச் செல்லாக்காசாக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தீர்களே, அது அவனல்ல. கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்வேன். ஒன்பது நாளாகத் தூக்கமில்லை. நேராகச் சொல்ல இன்னும் தெம்பு வேண்டும்.

எனக்குப் பாம்புக் காது. மனைவி அடுப்பை அணைக்கச் சொன்னால் மட்டும் கேட்காது. பகலெல்லாம் ஒரு கம்பெனியில் புகார் தொலைபேசிக்குப் பதில் சொல்கிற வேலை. எட்டு மணி நேரம் ஊரார் கத்துவதைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு ஒரு மணி நேரம் பாட்டு வேண்டும். பாட்டைவிட, பாட்டின் நடுவே வருகிற அமைதி வேண்டும். என் ஸ்பீக்கரிலோ எப்போதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். பாடகி மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் அது முந்திக்கொண்டு பாடும்.

அதற்குத்தான் பெட்டி. சுவரிலிருந்து வரும் கரண்டை வடிகட்டி ஆம்ப்ளிஃபயருக்கும் மற்றவற்றுக்கும் கொடுக்கிற, ஆறு சாக்கெட் வைத்த இரும்புப் பெட்டி. உள்ளே செப்புக் கம்பிச் சுருளும் நாலு கெபாசிட்டரும். கெபாசிட்டர்கள் ஏதோ பழைய மெஷினிலிருந்து கழற்றியவை. அந்த இடத்துக்கு அவை ஆகாது என்று தெரியும். கையில் இருந்தன, போட்டேன்.

மாட்டியதும் டிரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன். பாட்டின் பாதியில் மறுபடி விழுந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குறுக்கே ஒயரைப் போட்டேன். அதன்பிறகு அது ஒரு வேலையும் செய்யாமல் நிமிர்ந்து நின்றது, எங்கள் மேனேஜர் மாதிரி.

இரைச்சல் போகவில்லை. எர்த் வழியாக வருகிறது என்று எங்கோ படித்தேன். பெட்டிக்குள்ளிருந்த எர்த்தின் பச்சை ஒயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றினேன். அந்த நிமிஷம் வந்த அமைதியை எப்படிச் சொல்வது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பாட்டே போடல, அதுக்குள்ள என்ன அழுகை?”

மறுவாரம் மச்சான் வந்தான். பெட்டியின் மேல் டெஸ்டரை வைத்தான். அதன் விளக்கு எரிந்தது.

“மாமா, எர்த்தைப் புடுங்கிட்டீங்களா?”

“முதல்ல பாட்டைக் கேளு மாப்ளே.”

“பாட்டை நீங்க கேப்பீங்க, பெட்டிய அக்காதானே தொடைப்பா. உள்ள ஒரு கெபாசிட்டர் போச்சுன்னா பெட்டி பூரா கரண்டு. இப்பவே மாட்டுங்க.”

“ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்.”

“சத்தியமா?”

“உங்கக்கா மேல சத்தியமா.”

“சரி, டிரிப் சுவிட்ச் இருக்கு. அதுவரைக்கும் அது பாத்துக்கும்” என்று அவனே தன்னைத் தேற்றிக்கொண்டு போனான். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். சத்தியத்தை மீறவில்லை. திங்கட்கிழமை கழற்றினேன்.

அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். “என்னங்க, என் சக்களத்தி சுருக்குனு கடிக்கிறா” என்று பெட்டியைக் காட்டுவாள். நான் கடைக்குப் போய், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு வாங்கி வந்தேன். பதினாறு வருஷத்தில் கேட்காமலே நான் வாங்கிக் கொடுத்த முதல் பொருள். பக்கத்து வீட்டிலெல்லாம் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார்.

அவள் விழுந்ததும் மெயினை அணைத்தேன். அவளைத் தொட்டுப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து பச்சை ஒயரை மாட்டினேன், கெட்டுப்போன கெபாசிட்டரை எடுத்து எறிந்தேன், மூடியைத் திருகினேன். அதன்பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பெட்டியில் குறையில்லை என்று உங்கள் அறிக்கை சொல்வது அதனால்தான். மிச்சமிருந்தது மச்சானின் வயரிங். எர்த் மாட்டியிருந்தது என்று நீங்கள் சொன்னதும், “மாமா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு, என் வேலையிலதான் எங்கயோ தப்பு” என்றானாமே. தப்பு தன்னுடையதுதான் என்று நாளைக்குக் கையெழுத்துப் போடப்போகிறானாம். அவனுக்கு அக்காதான் அம்மா மாதிரி. தானே அவளைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. அப்போது நான் குளித்துக்கொண்டிருந்ததாக எழுதிக் கொடுத்தேன். இல்லை. எதிரே நாற்காலியில்தான் இருந்தேன். அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழுவி வெளியே காயப்போட்டிருந்தாள். முந்தின நாளே பெட்டி சுட்டது; திறந்து பார்த்தபோது ஒரு கெபாசிட்டர் உப்பியிருந்தது. மூடிவிட்டேன். அவள் ஈரத்துணியோடு, வெறுங்காலில், தூசியைத் திட்டிக்கொண்டே பெட்டிப் பக்கம் நகர்ந்தாள். தொடாதே என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது.

ஆனால் பாட்டில் அந்த இடம் வந்துகொண்டிருந்தது. பாடகி குரலை இறக்கி, இன்னும் இறக்கி, மூச்சு மட்டும் மிஞ்சுகிற இடம். அது முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன், சார். அரை நிமிஷம்தான்.