தெரசம்மாள் டீச்சரின் ஜாம் பாட்டில்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, பள்ளங்கியிலிருந்தும் போளூரிலிருந்தும் மழையில் நனைந்து இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! நான் பள்ளங்கி சின்னச்சாமி. பேரிக்காய்த் தோட்டக்காரன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இன்று நான் பேசாமல் போனால் என் மரங்களே என்னை மன்னிக்காது.

எழுபத்தாறாம் ஆண்டு. காய்க்குக் காய் புழு. விளக்கைச் சுற்றும் பெரிய பெரிய பூச்சிகள்தான் காரணம் என்று தீ மூட்டிக் கொன்றோம். புழு குறைந்ததா? இல்லை! மரத்தையே வெட்ட நான் கோடாலி தீட்டியபோது, இந்தப் பள்ளியின் விலங்கியல் ஆசிரியை தெரசம்மாள் டீச்சர் வந்து நின்றார்.

"வெட்டாதீங்க. எனக்கு உசுரோட நாலு புழு குடுங்க."

"நசுக்குற சனியனை வளக்கவா போறீங்க?"

"வளத்தாத்தானே அது யாருன்னு தெரியும்!"

புழுவைக் கண்டால் நசுக்குவோம். அது என்னவாக மாறும் என்று காத்திருந்து பார்த்தவர் நம்மில் ஒருவர் உண்டா? பள்ளிக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறை வீட்டில், ஜாம் பாட்டிலில் காயையும் சாக்குத் துண்டையும் போட்டு அவர் காத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு மதுரையிலிருந்து தம்பி கூப்பிட்டும் போகவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா ஒத்தையில கெடக்கீங்களே டீச்சர்?" என்று கேட்டேன்.

"நான் போன நேரத்துல அது வெளிய வந்துட்டா?" என்று சிரித்தார்.

வந்ததய்யா! சாக்கு மடிப்பிலிருந்து, நகத்தைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் ஒரு அந்துப்பூச்சி! பூதக்கண்ணாடியில் இறகைப் பார்த்து, புத்தகப் படங்களோடு ஒப்பிட்டுப் பெயரையும் கண்டுபிடித்தார். அந்தப் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. ஆனால் பாட்டிலில் சாக்கு மடிப்பில் கூடு கட்டிய புழு, மரத்தில் பட்டை இடுக்கில்தான் கூடு கட்டும் என்று புரிந்தது. அடிமரத்தைச் சுற்றிச் சாக்கு கட்டினோம். அதில் ஒளிந்ததையெல்லாம் எடுத்து எரித்தோம். மரங்கள் பிழைத்தன.

புழு இருந்தவரை அந்த வீட்டுக்கு ஆள் வந்தது. புழு போனதும் ஆளும் போனது. நான் பேரிக்காய் கொண்டுபோகும்போதெல்லாம் மேசையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். போன செவ்வாய்க்கிழமை பால்காரர் கதவைத் தட்டியபோதுதான் டீச்சர் போய்விட்டது நமக்குத் தெரிந்தது.

நேற்று அந்த வீட்டைத் திறந்தோம். ஜன்னலில் இன்னொரு பாட்டில். போளூர் பிளம்ஸ் மரத்துப் புழு என்று டீச்சர் கையெழுத்தில் ஒரு சீட்டு. கூடு கட்டியிருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை. அது யார் என்று சொல்ல இனி யார் இருக்கிறார்கள்?

பெரியோர்களே! அந்தப் பாட்டிலை என் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். கல்யாணம், திருவிழா எதற்கும் இந்த வருஷம் என்னைக் கூப்பிடாதீர்கள். டீச்சர் போனபோது பக்கத்தில் ஆள் இல்லை. இது வெளியே வரும்போது நான் இருப்பேன்.