பன்னிரண்டு மணிக்கு மாற்று ஆள்

காஸாவில் ஒரு கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசையின் விலை இரண்டு பாட்டில் ரம். 1964 நிலவரம். விலை சொன்னவர் பட்டாளத்து நாயக் ஜோதிலிங்கம். நம் ஜம்புவின் அக்கா பூங்கோதையின் புருஷன்.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். போன லைட் இப்போதைக்கு வராது.

டில்லி, 1979 டிசம்பர். இரவு பதினொன்றே முக்கால். மோதி பாகிலிருந்து சரோஜினி நகர் ஸ்டேஷன் பக்கம் போகிற ரயில் பாதையோரச் சாலை... ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் முள்மரம். பட்டாளத்தை முடித்துவிட்டு ஜம்புவின் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்த ஜோதிலிங்கம், அந்த வழியாகத்தான் ஒரு கோதுமை கோடவுனுக்கு இரவுக் காவலுக்குப் போவார். பனிமூட்டத்தில் சைக்கிளின் முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. சங்கிலிச் சத்தம் மட்டும். கடக்... கடக்...

"தம்! கோன் ஆத்தா ஹை?"

நில், யார் வருவது? பட்டாளத்துச் சென்ட்ரி கேட்கிற கேள்வி. பழகின கால் தானாக ஊன்றிக்கொண்டது. பழகின வாய் தானாக, "தோஸ்த்", நண்பன், என்றது.

ஆரஞ்சுப் பூ வாசனை வந்தது. டில்லியில், டிசம்பரில்! பிறகு நாகர்கோவில் தமிழில், மிகவும் மரியாதையாக:

"அண்ணே... மணி பன்னெண்டு ஆயிட்டா?"

ஜோதிலிங்கத்துக்குக் குரல் தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக் குரல். வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம்.

"இன்னும் ஆவலடா" என்றார். மிதித்துக்கொண்டு போனவர் கோடவுன் வாசலில்தான் மூச்சுவிட்டார்.

நம் நாட்டில் கட்டாய ராணுவம் கிடையாது என்பார்கள். லிஸ்டில் பெயர் வந்தால் கப்பல் ஏற வேண்டும், அதற்கு வேறு என்ன பெயர்? ஜோதிலிங்கத்துக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். அப்படித்தான் போனார். தலையில் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி, எதிரே மணல், சண்டை கிடையாது. எல்லைக் கோட்டருகே ஒரு காவல் மேடு. ஒருவன் நிற்பான், அடுத்தவன் வந்து மாற்றும்வரை நகரக்கூடாது.

அந்த டிசம்பர் இருபத்து நாலாம் தேதி, பத்திலிருந்து இரண்டு மணிவரை சிப்பாய் அந்தோணியின் முறை. முகாமில் பாதிரியார் வந்து பூசை வைக்கிறார். அந்தோணி ஜோதிலிங்கத்திடம் கெஞ்சினான்: "பன்னெண்டு மணிக்கு வந்து மாத்தி விடுங்கண்ணே. பூசைய மட்டும் பாத்துட்டு வந்துருவேன்."

சும்மா போவாரா? அந்தோணி குடிக்காமல் சேர்த்து வைத்திருந்த ரம்மின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். நாலு பாட்டில் கேட்டு, இரண்டுக்கு இறங்கினார். நான் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. நல்ல பேரம் என்றுதான் சொல்லியிருப்பேன். எழுத்தில் எதுவும் இல்லை. சரக்கை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

வாங்கினதைக் குடித்தார். குடித்துவிட்டுத் தூங்கினார்.

மேட்டின் மேல் அந்தோணி பன்னிரண்டரை வரை பார்த்திருக்கிறான். முகாமிலிருந்து பாட்டு கேட்டிருக்கும். அண்ணன் வழியில் வந்துகொண்டிருப்பார் என்று நினைத்திருப்பான். முகாமுக்கு ஆரஞ்சுத் தோப்பு வழியே குறுக்கே இறங்கினான். என்றைக்கோ நடந்த சண்டையில் புதைத்த கண்ணிவெடி ஒன்று அங்கே மிச்சம் இருந்தது.

விசாரணை நடந்தது. லிஸ்டில் இரண்டு மணிவரை அந்தோணி. மேட்டில் ஆள் இல்லை. "மாற்றுவதாக யாராவது சொன்னீர்களா?" என்று கேட்டபோது, ஜோதிலிங்கம் விறைப்பாக நின்று, "தெரியாது, சாப்" என்றார். அவ்வளவுதான். காவலை விட்டு ஓடியவன் என்று எழுதினார்கள். அவன் அம்மாவுக்குப் பென்ஷன் கிடையாது என்று ஊருக்குக் காகிதம் போயிற்று.

"வேற வழியா கோடவுனுக்குப் போகப்படாதோ?" என்று அங்கே உட்கார்ந்திருக்கும் ருக்மிணி மாமி கேட்பது புரிகிறது. போனார், மாமி. சரோஜினி நகர் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போனார். ஷட்டர் இறக்கிய துணிக்கடை வரிசைக்குள்ளிருந்து அதே குரல்: "பன்னெண்டு ஆயிட்டாண்ணே?" பதினொன்றரைக்குக் கிளம்பினார். பதினொன்றுக்குக் கிளம்பினார். தினமும், "இன்னும் ஆவலடா." அந்தக் குரல் ஒரு நாளும் கோபப்படவில்லை. "செரிண்ணே" என்றது. அந்த "செரிண்ணே"தான் அவரைத் தின்றது. சோறு இறங்கவில்லை. ஒருநாள் பூங்கோதையையும் ஜம்புவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அந்தப் பையனோட அம்மாவுக்கு ஒரு கடுதாசியாவது போட்டியாய்யா?" என்று மட்டும் பூங்கோதை கேட்டாள். அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு காவலுக்குக் கிளம்பினார்.

இருபத்து நாலாம் தேதி அவரைத் தனியாக விட மனமில்லாமல் ஜம்புவைக் கூட அனுப்பினாள். இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். இனி ஜம்பு சொன்னது.

முள்மரம் வந்ததும் ஜோதிலிங்கம் நின்றார். ஜம்புவுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆரஞ்சுப் பூ வாசனை மட்டும், மூக்கை அடைக்கிற மாதிரி. ஜோதிலிங்கம் வாயைத் திறந்தார். "இன்னும்..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, பனிக்குள் எங்கோ ஒரு மாதா கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தது.

பன்னிரண்டும் அடித்து முடிகிறவரை அவர் வாயை மூடவில்லை.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். மஃப்ளரை அவிழ்த்துச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். குதிகால் இரண்டும் சேர்ந்தன. டக்.

"ஆயிடுச்சுடா அந்தோணி. நான்தான் லேட்டு. நீ போ."

இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். வெறுங்கை. ஆனால் கனமான எதையோ வாங்கினது போலச் சட்டென்று தாழ்ந்தது. பக்கத்துச் சரளைக் கல்லில் பூட்ஸ் காலடி... ஓடுகிற காலடி... மணி வந்த திசைக்கு.

"மச்சான், வூட்டுக்குப் போ" என்றார் ஜோதிலிங்கம், திரும்பாமல். "சென்ட்ரிகிட்ட நின்னு பேசக்கூடாது."

"நான் திரும்பிப் பாக்காம ஓடி வந்துட்டேன்பா" என்று ஜம்பு இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறான்.

விடிந்து போய்ப் பார்த்தபோது சைக்கிள் நின்றது. ஆள் இல்லை. போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டு ஜம்பு கோடவுனுக்கு ஓடினான். இரவு முழுக்க அங்கே யாரும் வரவில்லை, கேட் பூட்டியே இருந்தது என்றார் சூப்பர்வைசர். சந்தேகத்துக்கு மேஜை டிராயரைத் திறந்து காவல் ரிஜிஸ்டரை எடுத்தார். புதுப் பக்கம். ஜோதிலிங்கத்தின் கையெழுத்து. ஜம்பு அதை எனக்கு மனப்பாடமாகச் சொன்னான்:

நேரம்: இரவு 12. ரைபிள் 1. தோட்டா 20. டார்ச் 1. கம்பளி 1. எல்லாம் சரி. ஒப்படைத்தவர்: சிப்பாய் அந்தோணி. ஏற்றவர்: நாயக் ஜோதிலிங்கம். மாற்ற வருபவர்:

அந்த இடம் காலி.